ஓலெ ரோமர்: டென்மார்க்கின் நாட்களைத் திருத்திய கணிதர்

சித்திரை பிறக்க ஒரு மாதம் இருக்கும்போதே எமது இல்லங்களில் தொலைபேசி விசாரணைகள் தொடங்கிவிடும். வருஷம் எத்தனை மணிக்குப் பிறக்கிறது, மருத்துநீர் எப்போது வைப்பது, கைவிசேஷம் எப்போது கொடுப்பது என்பன கேள்விகள். கொக்குவில் இரகுநாதையர் வாக்கிய பஞ்சாங்கம் ஒரு நேரத்தைச் சொல்லும். மட்டுவில் திருக்கணித பஞ்சாங்கம் வேறொரு நேரத்தைச் சொல்லும். ஊரில் இருந்தவரை எந்த வீட்டுக்கு எந்தப் பஞ்சாங்கம் என்பது பரம்பரை வழக்கு. வாக்கிய வீட்டுப் பெண் திருக்கணித வீட்டுக்கு மருமகளாகப் போனால் முதல் வருஷப் பிறப்பிலேயே அந்த வித்தியாசம் தெரிந்துவிடும். டென்மார்க்குக்கு வந்தபின் மூன்றாவது சிக்கல் ஒன்றும் சேர்ந்துகொண்டது. பஞ்சாங்கத்தில் உள்ள மணி ஊர் மணியா, இந்நாட்டு மணியா என்பதே அது.

இந்த வழக்கு எம்மவர்க்கு மட்டும் உரியதன்று. எமக்கு அடைக்கலம் தந்த இந்நாட்டிலும் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் இதே வழக்கு இருந்தது. பழைய அட்டவணையைப் பின்பற்றுவதா, வானத்தைப் பார்த்துக் கணித்ததைப் பின்பற்றுவதா என்று அரசரும் குருமாரும் ஆராய்ந்தார்கள். அவ்வேளை டென்மார்க் தரப்பில் நின்று நாட்காட்டியைத் திருத்தியவர் ஓலெ ரோமர். பாடசாலை செல்லும் எமது பிள்ளைகள் அவரை ஒளியின் வேகத்தோடு சேர்த்து அறிவார்கள். அவர் இந்நாட்டின் பஞ்சாங்க கணிதரும் ஆவார் என்பதைப் பெரியவர்களில் பலர் அறியார்.

ரோமர் 1644ஆம் ஆண்டு செப்டெம்பர் 25ஆம் திகதி யூலான்ட்டில் உள்ள ஓகூஸ் நகரில் பிறந்தார். தந்தையார் கப்பல் வழி வணிகம் செய்தவர். தெற்கே உள்ள ரோமோ தீவைப் பூர்வீகமாகக் கொண்டதால் குடும்பத்துக்கு ரோமர் என்ற பெயர் வந்தது. ஓகூஸ் பேராலயப் பாடசாலையில் கற்று, 1662இல் கொப்பன்ஹேகன் பல்கலைக்கழகம் சேர்ந்தார். அங்கே பேராசிரியர் ராஸ்முஸ் பார்த்தோலின் அவரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் படிப்பித்தார். எமது முன்னோர் குருகுலவாசம் என்று சொன்னது ஏறக்குறைய இதுவே. பின்னாளில் குருவின் மகளையே ரோமர் மணந்தார்.

குரு சீடனுக்குக் கொடுத்த வேலை சாதாரணமானதன்று. டைக்கோ பிராஹே விட்டுச்சென்ற வானக் குறிப்புகளை அச்சுக்கு ஏற்றவாறு சீர்செய்வது. டைக்கோ 1576 முதல் 1597 வரை வென் என்ற சிறு தீவில் ஊரானிபோர்க் என்னும் வானாய்வு மாளிகையை அமைத்து, தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறுங்கண்ணாலும் பெருங்கருவிகளாலும் கிரகங்களை இரவிரவாக அளந்தவர். அக்காலத்தில் டென்மார்க்குக்குச் சொந்தமாயிருந்த அத்தீவு இன்று சுவீடனுக்கு உரியது. டைக்கோவின் அளவுகளை ஆதாரமாகக் கொண்டு யேர்மானிய கணிதர் கெப்லர் 1627இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். இந்த அட்டவணையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக்கதையில் அது மீண்டும் வரும்.

இவ்விடத்தில் எமது பஞ்சாங்கத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். பஞ்சாங்கம் என்றால் ஐந்து அங்கம். வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்பன அவை. வாரம் என்பது கிழமை. அதற்குக் கணக்கு வேண்டியதில்லை. ஏனைய நான்கும் சூரியனும் சந்திரனும் வானத்தில் எங்கே நிற்கின்றன என்பதிலிருந்து பிறப்பவை. சந்திரன் சூரியனை விட்டு ஒவ்வொரு 12 பாகை விலகும்போதும் ஒரு திதி முடிகிறது. அமாவாசை முதல் அமாவாசை வரை முப்பது திதி. திதியில் பாதி கரணம். வான வட்டத்தை இருபத்தேழாகப் பங்கிட்டால் ஒரு பங்கு 13 பாகை 20 கலை. அப்பங்கில் சந்திரன் நிற்பது நட்சத்திரம். சூரியன், சந்திரன் இருவரது நிலையையும் கூட்டி அதே இருபத்தேழால் பங்கிட்டால் யோகம். சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. ஆகையால் ஒரு திதி சுமார் 20 மணி நேரத்திலும் முடியலாம், 27 மணி நேரம் வரை நீளவும் செய்யலாம். சில நாட்களில் ஒரே நாளில் இரண்டு திதி முடிவதும், வேறு சில வேளை ஒரு திதி இரண்டு சூரிய உதயங்களைக் காண்பதும் இதனாலேயே.

அப்படியானால் முழு வேலையும் சந்திரன் எங்கே என்று சொல்வதில்தான் இருக்கிறது. இதற்கு எம்மிடம் இரண்டு வழி உண்டு. சந்திரனின் வேகம் கூடிக் குறைந்து மீண்டும் பழைய நிலைக்கு வர ஏறக்குறைய இருபத்தேழரை நாள் செல்லும். ஒன்பது முறை இப்படி நடந்தால் 248 நாள். இந்த 248 நாட்களுக்கும் சந்திரனின் நிலையை எண்களாக எழுதாமல், எழுத்துக்கு எண் மதிப்புக் கொடுத்துச் சிறு வாக்கியங்களாக முன்னோர் கட்டிவைத்தார்கள். வரருசியின் பெயரால் வழங்கும் இவ்வாக்கியங்களை மனனம் செய்தவர், ஏடும் எழுத்தாணியும் இல்லாமலே திதி சொல்லிவிடுவார். 1825இல் ஜோன் வாரன் என்பவர் சென்னையில் வெளியிட்ட காலசங்கலித நூலில், புதுச்சேரிப் பஞ்சாங்க கணிதர் ஒருவர் சோழிகளைத் தரையில் அடுக்கியே சந்திர கிரகணத்தைக் கணித்ததைப் பதிந்துள்ளார். இது வாக்கியம்.

மற்றையது திருக்கணிதம். த்ருக் என்றால் பார்வை. பார்ப்பதோடு ஒத்துவரும்படி கணிப்பது. இது மேல்நாட்டார் வந்தபின் வந்த புதுமை என்று சிலர் நினைப்பது சரியன்று. கேரளத்துப் பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைப் பார்த்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துவராததைக் கண்டு, 1431இலேயே திருக்கணித முறையை வகுத்தார். டைக்கோ பிறந்தது 1546இல் என்பதைக் கவனிக்க வேண்டும்.

நிற்க. 1671இல் பாரிஸ் நகரிலிருந்து ழான் பிக்கார் என்ற வானியலார் வென் தீவுக்கு வந்தார். டைக்கோவின் மாளிகை அப்போது இடிபாடு. அது நின்ற இடம் பாரிசிலிருந்து கிழக்கே எவ்வளவு தூரம் என்று துல்லியமாகத் தெரிந்தால்தான் டைக்கோவின் குறிப்புகளைப் பிறர் பயன்படுத்த முடியும். பஞ்சாங்கம் எந்த ஊருக்குக் கணித்தது என்று தெரியாவிட்டால் அதனால் பயனில்லை என்பது இதே விஷயம். பிக்காருக்கு உதவியாகச் சென்ற இளைஞர் ரோமர். வியாழனைச் சுற்றும் ஈயோ என்னும் துணைக்கோள் வியாழனின் நிழலில் மறையும் நேரத்தை இரு ஊர்களிலும் குறித்து, இரு ஊர் மணிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டார்கள். ரோமரின் திறமையைக் கண்ட பிக்கார் 1672இல் அவரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் பிரெஞ்சு மன்னரின் மகனுக்கு ஆசிரியராகவும் இருந்தார்.

பாரிசில்தான் அவரது பெயர் நிலைத்த காரியம் நடந்தது. ஈயோ நாற்பத்திரண்டரை மணிக்கு ஒருமுறை வியாழனைச் சுற்றுகிறது. அதன் கிரகணங்களுக்கு அட்டவணை போட்டிருந்தார்கள். ஆனால் பூமி வியாழனை விட்டு விலகிச் செல்லும் மாதங்களில் கிரகணம் அட்டவணைக்குப் பிந்தியும், நெருங்கும் மாதங்களில் முந்தியும் வந்தது. ஈயோவின் ஓட்டத்தில் பிழை இல்லை, அதன் ஒளி எம்மிடம் வந்து சேர நேரம் எடுக்கிறது என்று ரோமர் கண்டார். 1676 நவம்பர் 9ஆம் திகதி வரவேண்டிய நிகழ்ச்சி பத்து நிமிடம் பிந்தும் என்று முன்கூட்டியே அறிவித்தார், அப்படியே பிந்தியது. பூமியின் சுற்றுப்பாதையின் குறுக்களவைக் கடக்க ஒளிக்கு 22 நிமிடம் வேண்டும் என்பது அவர் கணக்கு. இன்றைய அளவு 17 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. ஒளி நொடியும் தாமதமின்றி எங்கும் பரவுகிறது என்று பெரும் அறிஞர்களே நம்பிய காலம் அது. பாரிஸ் வானாய்வு நிலையத்தின் தலைமை வானியலாரான கஸீனி இதை ஏற்கவில்லை. ரோமர் இறந்து பதினெட்டு ஆண்டுகள் கழிந்த பின்னரே, இங்கிலாந்தில் பிராட்லியின் ஆராய்ச்சியால் அது ஐயமற நிலைபெற்றது.

1681இல் மன்னர் ஐந்தாம் கிறிஸ்தியான் அழைக்க, ரோமர் கொப்பன்ஹேகன் திரும்பிப் பேராசிரியரானார். நகர் நடுவிலே நான்காம் கிறிஸ்தியான் கட்டிய வட்டக்கோபுரம், ருண்டெதோர்ன், அவர் பொறுப்பில் வந்தது. இந்த நான்காம் கிறிஸ்தியானே 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்து தரங்கம்பாடியில் டேனிஷ் கோட்டை அமையக் காரணமான மன்னர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. ரோமருக்குக் கிடைத்த வேலைகளுக்கு முடிவே இல்லை. 1683இல் நாடு முழுவதுக்கும் ஒரே நிறை, ஒரே அளவு என்ற சட்டம் அவரால் வந்தது. வீதிகளை அளந்து மைல் கற்கள் நாட்டுவித்தார். வெப்பமானி செய்தார், 1708இல் அவரிடம் வந்து அதைப் பார்த்துச் சென்றவர்தான் பின்னாளில் பெயர்பெற்ற பரன்ஹைட்.

நாம் சொல்ல வந்தது நாட்காட்டி. ரோமானியர் காலத்து யூலியன் நாட்காட்டி வருஷத்துக்கு 365¼ நாள் என்று வைத்தது. உண்மையில் பருவங்கள் திரும்பிவர 11 நிமிடம் குறைவாகவே செல்லும். இந்த 11 நிமிடம் சேர்ந்து சேர்ந்து 1582 அளவில் பத்து நாளாகிவிட்டது. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி பத்து நாளை நீக்கிப் புதிய நாட்காட்டியைக் கொண்டுவந்தார். கத்தோலிக்க நாடுகள் ஏற்றன. டென்மார்க் உட்படப் புரட்டஸ்தாந்து நாடுகள் ஏற்கவில்லை. கணக்குச் சரியா பிழையா என்பதைவிட, சொன்னவர் யார் என்பதே பெரிதாகிவிட்டது. டைக்கோ காலத்திலேயே இதை ஏற்கச் சொல்லியும் நடக்கவில்லை. நூற்றுப் பதினெட்டு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன.

1699இல் யேர்மானியப் புரட்டஸ்தாந்து அரசுகள் இறங்கிவந்தபோது, ரோமர் புதிய மன்னர் நான்காம் பிரெடரிக்கிடம் சொல்லி டென்மார்க்கையும் நோர்வேயையும் இணங்கவைத்தார். 1700ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதிக்கு அடுத்த நாள் மார்ச் 1ஆம் திகதி ஆயிற்று. பதினொரு திகதிகள் இந்நாட்டு வரலாற்றில் இல்லை. ஆனால் கிழமை மாறவில்லை. 18ஆம் திகதி ஞாயிறு, மார்ச் 1 திங்கள். பஞ்சாங்கப்படி பார்த்தால் அந்த இரவில் எதுவுமே நடக்கவில்லை. வளர்பிறைச் சந்திரன் ஞாயிறு இரவு நின்ற இடத்திலிருந்து திங்கள் இரவுக்கு ஒரு நாள் ஓட்டம் மட்டுமே நகர்ந்தது. திகதி என்பது மனிதர் ஒப்புக்கொண்ட பெயர். திதி வானத்தில் நடப்பது.

எமது சித்திரை முதலாம் நாள் மட்டும் ஏன் நகர்கிறது என்ற சந்தேகத்துக்கும் விடை இங்கே உண்டு. கிரகோரியின் நாட்காட்டி பருவத்தைப் பிடித்துக்கொண்டது. எமது சௌரமான வருஷம் நட்சத்திரங்களைப் பிடித்துக்கொண்டது; சூரியன் மேட ராசியில் நுழைவதே எமக்கு வருஷப் பிறப்பு. இவ்விரண்டுக்கும் ஆண்டுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் உண்டு. ஆகவே ரோமர் நாட்காட்டியைத் திருத்திய 1700இல் ஏப்பிரல் 9 அளவில் பிறந்த சித்திரை, இன்று 14ஆம் திகதி அளவில் பிறக்கிறது.

இனி, புரட்டஸ்தாந்து நாடுகள் செய்த ஒரு விசித்திரம். உயிர்த்த ஞாயிறு, இந்நாட்டார் போஸ்க என்று சொல்லும் பெருநாள், எமது விழாக்களைப் போலச் சந்திரனைப் பார்த்து வருவது. வசந்த காலச் சமநாளுக்குப் பின்வரும் பூரணையை அடுத்த ஞாயிறு அது. அந்தப் பூரணையைக் கிரகோரியின் முறை பத்தொன்பது ஆண்டுச் சுழற்சி அட்டவணையால் கண்டுபிடித்தது. எமது மொழியில் சொன்னால் அது வாக்கியம். புரட்டஸ்தாந்துகள் நாட்களை நீக்குவதை ஏற்றார்கள், ஆனால் பூரணைக்குப் பாப்பரசரின் அட்டவணையை ஏற்கவில்லை. மெய்யான சந்திரனையே கணிப்போம் என்று நாம் முன்சொன்ன கெப்லரின் அட்டவணையை எடுத்துக்கொண்டார்கள். எந்த ஊருக்குக் கணிப்பது? டைக்கோவின் ஊரானிபோர்க் நின்ற வென் தீவுக்கு! எமது பழைய சித்தாந்தங்கள் உஜ்ஜயினி வழியாகச் செல்லும் கோட்டுக்குக் கணித்ததுபோல, அவர்களுக்கு ஒரு பாழடைந்த தீவு நடுக்கோடாயிற்று. இது திருக்கணிதம் அன்றி வேறென்ன?

1724ஆம் ஆண்டிலும் 1744ஆம் ஆண்டிலும் இரு கணிப்புகளும் ஒரு வாரம் வேறுபட்டன. அயலவர்கள் இரு வேறு ஞாயிறுகளில் ஒரே பெருநாளைக் கொண்டாடினார்கள். 1776இல் புரட்டஸ்தாந்து அரசுகள் வானக் கணிப்பைக் கைவிட்டுப் பொது அட்டவணைக்கு வந்தன. அன்றுமுதல் இந்நாட்டில் போஸ்க வாக்கிய முறைப்படியே வருகிறது. வானத்துப் பூரணைக்கும் அட்டவணைப் பூரணைக்கும் இன்றும் சில வேளைகளில் ஒரு நாள் வேறுபாடு வரும். இந்நாட்டார் எவரும் அதற்காகச் சண்டையிடுவதில்லை. வானத்தோடு ஒத்துப்போவதும், ஊரோடு ஒத்துப்போவதும் இரு வேறு தேவைகள். ரோமரின் தலைமுறை முதலாவதைத் தேடியது, அவருக்குப் பின்வந்தவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தார்கள். எந்தப் பஞ்சாங்கம் என்று வீட்டுக்கு வீடு வாதிடுவதைவிட, ஆலயம் ஒன்றைத் தேர்ந்து ஆண்டுத் தொடக்கத்திலேயே அறிவிப்பது நன்று என்பதே எமது எண்ணம்.

ஆனால் எந்த ஊருக்குக் கணிப்பது என்ற கேள்வியை அப்படி விட்டுவிட முடியாது. திதி தொடங்கும் கணம் உலகமெங்கும் ஒன்றே. மணிக்கூடுதான் வேறு. குளிர்காலத்தில் ஊர் மணியிலிருந்து நாலரை மணியையும், கோடையில் மூன்றரை மணியையும் கழித்தால் இங்குள்ள மணி வரும். ஊரில் அதிகாலை 2 மணிக்குத் தகப்பனார் காலமானார் என்றால், தை மாதத்தில் இங்கே அது முதல்நாள் இரவு 9.30. திகதி வேறு, கிழமை வேறு, திதி ஒன்றே. ஆண்டுத் திவசத்துக்கு அந்தத் திதியையே கொள்ளவேண்டும். இங்குள்ள திகதியை வைத்துத் திதியைத் தேடுவோர் ஒருநாள் தவறிவிடுகிறார்கள்.

விரதங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி நிற்கவேண்டும். உதாரணமாக, ஊரில் செவ்வாய் அதிகாலை 2 மணி முதல் புதன் அதிகாலை 2 மணி வரை சதுர்த்தசி என்று வைத்துக்கொள்வோம். அங்கே செவ்வாய் இரவே சிவராத்திரி. இங்கே அத்திதி திங்கள் இரவு 9.30க்குத் தொடங்கிச் செவ்வாய் இரவு 9.30க்கு முடிந்துவிடும். எமது நள்ளிரவில் சதுர்த்தசி நிற்பது திங்கள் இரவிலே. இராகுகாலமும் அப்படியே. பகலை எட்டாகப் பங்கிட்டதில் ஒரு பங்கு அது. ஊரில் ஒன்றரை மணி. கொப்பன்ஹேகனில் ஆனி மாதத்து நீண்ட பகலில் இரண்டு மணி பதினொரு நிமிடம், மார்கழிக் குறும்பகலில் ஐம்பத்திரண்டு நிமிடம். ஊர்ப் பஞ்சாங்கத்தில் உள்ள ஏழரை, ஒன்பது என்பவை இங்கே பொருந்தமாட்டா.

ரோமரின் கடைசிக் காலம் வானத்தைவிட வீதிகளிலேயே கூடுதலாகக் கழிந்தது. 1705இல் மன்னர் அவரைக் கொப்பன்ஹேகனின் பொலிஸ் அதிபராக்கினார். வீதிகளுக்கு எண்ணெய் விளக்கு வைப்பித்தார். நீர், தீயணைப்பு, பிச்சைக்காரர் விடயம் எல்லாம் அவர் தலையில் விழுந்தன. அவர் இப்பதவியில் இருந்த காலத்திலேதான் சீகன்பால்க் பாதிரியார் கொப்பன்ஹேகனிலிருந்து கப்பலேறி 1706 யூலையில் தரங்கம்பாடியில் இறங்கித் தமிழ் படிக்கத் தொடங்கினார். இத்தனை அலுவலுக்கு இடையிலும், நகருக்கு வெளியே வ்ரிட்ஸ்லோஸ்மாகிள என்ற கிராமத்தில் 1704இல் சொந்தச் செலவில் சிறு வானாய்வு நிலையம் அமைத்து, நட்சத்திரங்கள் உச்சிக்கோட்டைக் கடக்கும் நேரத்தைக் குறிக்கும் கருவியைத் தாமே செய்து நாட்டினார். பிற்கால வானாய்வு நிலையங்கள் எல்லாவற்றிலும் அவ்வகைக் கருவி இடம்பெற்றது.

1710 செப்டெம்பர் 19ஆம் திகதி அவர் காலமானார். அவரது குறிப்புகள் மூட்டை மூட்டையாக வட்டக்கோபுரத்தில் இருந்தன. அவற்றைச் சீடர் பேடர் ஹொரபோ காத்துவந்தார். 1728 ஒக்டோபரில் கொப்பன்ஹேகனைச் சுட்டெரித்த பெருந்தீயில் அவை ஏறக்குறைய முழுவதும் சாம்பலாயின. டைக்கோவின் குறிப்புகளைக் காப்பதில் வாழ்க்கையைத் தொடங்கியவரின் சொந்தக் குறிப்புகளுக்கு இக்கதி நேர்ந்தது. தப்பியவற்றில் முக்கியமானது 1706 ஒக்டோபர் 20 முதல் 23 வரை, மூன்று நாளின் நட்சத்திரக் குறிப்பு. அரை நூற்றாண்டு கழித்து யேர்மானியரான தோபியாஸ் மாயர் அதே நட்சத்திரங்களை மீண்டும் அளந்து, ரோமரின் அந்த மூன்று நாள் அளவுகளோடு ஒப்பிட்டு, அசையாதவை என்று கருதப்பட்ட நட்சத்திரங்களில் சில மெல்ல மெல்ல இடம் நகர்வதைக் கண்டார்.

ஓகூஸ் நகரில் 1911இல் கட்டிய வானாய்வு நிலையத்துக்கு ரோமரின் பெயரை இட்டார்கள். கொப்பன்ஹேகன் செல்லும் குடும்பங்கள் ருண்டெதோர்னில் ஏறிப் பார்க்கலாம். உள்ளே படிக்கட்டுக்குப் பதிலாகச் சுற்றிச் சுற்றி ஏறும் சாய்பாதையே இருப்பதால், உச்சியில் உள்ள சில படிகள் தவிர, முதியோரும் சிரமமின்றி ஏறலாம்.